‘மிஷின்ல ஒண்ணுமில்ல’

புதிதாக சர்வீஸ் வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு, “உங்க அனுபவத்துல இருந்து ரெண்டு வார்த்தை சொல்லுங்க மேடம்” என்று கேட்டுக்கொண்டார்கள். இரண்டு வார்த்தையோடு நிறுத்துகிற வாய் எனக்கு வாய்க்கவில்லை. அதனால் ஒரே ஒரு மிஷினைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சிரிக்கிற கதை வேண்டுமென்றால் வேறு யாரையாவது கூப்பிட்டுக்கொள்ளுங்கள், இது அந்த ரகம் இல்லை.

இன்றைக்கு வீட்டில் கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணுகிறவன் கண்ணாடிப் பெட்டிக்குள் நாலைந்து விசிறி மாட்டி, கலர் விளக்கு எரியவிட்டு, உள்ளே எத்தனை டிகிரி என்று திரையிலேயே பார்த்துக்கொள்கிறான். எண்பதுகளின் கடைசியில் எங்களுக்கு டிகிரி சொல்ல விரல்தான் இருந்தது. சிப்பின் மேல் விரலை வைப்போம். வைத்திருக்க முடிந்தால் நல்ல சிப். ‘ஸ்ஸ்’ என்று விரலை இழுத்துக்கொண்டால் ஏதோ கோளாறு. பவர் சப்ளைக்குப் பின்னால் ஒரே ஒரு விசிறி இருக்கும், அது உள்ளே சேர்கிற சூட்டை வெளியே தள்ளும். அதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

எங்கள் கடை விழுப்புரத்தில் ஸ்டேஷனுக்குப் போகிற ரோட்டில் இருந்தது. டிவி, ரேடியோ ரிப்பேர்க் கடை. முதலாளிக்குத் திடீரென்று கம்ப்யூட்டர் மேல் ஆசை வந்து, டிப்ளமோ முடித்த என்னையும் குமார் என்கிற பையனையும் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். குமாரை வெளியூருக்கெல்லாம் அனுப்புவார். என்னைக் கடை மேஜையை விட்டு நகரவிட மாட்டார். “பொம்பளப் புள்ளய வெளி சர்வீஸுக்கு அனுப்புனா ஊரு இன்னா சொல்லும்?” என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சால்டரிங் அயர்னை ஸ்டாண்டில் வைக்கிற சத்தத்திலேயே அவருக்குப் பதில் சொல்லிவிடுவேன்.

திண்டிவனத்திலிருந்து ஒரு மிஷினுக்கு ஓயாமல் கம்ப்ளைன்ட் வந்துகொண்டே இருந்தது. வசந்தா என்கிற பெண்ணுடையது. அவள் புருஷன் ஒரு பாலிடெக்னிக் லேபில் உதவியாளராக இருந்தவன். மெட்ராஸுக்குப் போய்ப் போய் ஒவ்வொரு பாகமாக வாங்கிவந்து அவனே கட்டிய கம்ப்யூட்டர் அது. பெட்டி மட்டும் உள்ளூர். பீரோ செய்கிற பட்டறையில் சொல்லிச் செய்தது, பீரோ தகடு, பீரோ பெயின்ட். பீரோக்காரருக்கு ஓட்டை போட மனசு வருமா? பின்பக்கம் நாலு கீறல் போட்டுக் கொடுத்திருந்தார், அவ்வளவுதான். அந்தப் பெட்டியை இரண்டு ஆள் சேர்ந்துதான் தூக்க வேண்டும்.

புருஷன் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். குழந்தை கிடையாது. வசந்தா பி.எஸ்ஸி. படித்தவள். புருஷனிடம் கற்றுக்கொண்டதை வைத்து, விழுப்புரத்தில் ஒரு தனியார் டுட்டோரியலுக்குக் கேள்வித்தாளும் பாடக் குறிப்பும் அடித்துக்கொடுத்து அதில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். காலையில் கையெழுத்துப் பிரதியோடு ஆள் வருவான், சாயங்காலம் அச்சான தாளை வாங்கிப் போவான். அந்த வேலை நின்றால் அவள் யார் வீட்டிலாவது போய்த்தான் நிற்க வேண்டும். அவளுக்கு அது நன்றாகத் தெரியும்.

கம்ப்ளைன்ட் என்ன? மத்தியானத்துக்கு மேல் திரை அப்படியே உறைந்துவிடும். கீபோர்டில் எதைத் தட்டினாலும் அசையாது. அதுவரை அடித்ததில் சேமிக்காதது எல்லாம் போச்சு. குமார் போவான், மூடியைக் கழற்றுவான், சாக்கெட்டில் லேசாக எழும்பியிருக்கிற மெமரி சிப்புகளை விரலால் அழுத்துவான், ஓட்டிப் பார்ப்பான். ஓடும். உட்கார்ந்து பார்ப்பான். அப்போதும் ஓடும். அவன் பஸ் ஏறி விழுப்புரம் வந்து சேர்வதற்குள் அங்கே நின்றுவிட்டது என்று எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் வரும். ஒரு முறை மிஷினையே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து கடை மேஜையில் வைத்தான். நாள் முழுக்க ஓட்டினோம். தும்மல்கூடப் போடவில்லை.

“அக்கா, அதுல ஒரு ஃபால்ட்டும் கெடையாது” என்றான் என்னிடம். எனக்கும் புரியவில்லை. மெமரி மாற்றினோம், பவர் சப்ளை மாற்றினோம். பாகம் மாற்றுவதற்குப் பெயர் சர்வீஸ் இல்லை என்று இன்றைக்கு உங்களிடம் பெரிய மனுஷி மாதிரி சொல்கிறேன். அன்றைக்கு நாங்களும் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம்.

இங்கேதான் விஷயம் கெட்டது. வசந்தா வீட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை. ஒரு நாள் வேலை முடித்து அங்கே டீ குடிக்கப் போன குமாரிடம் யாரோ கேட்டிருக்கிறார்கள், “இன்னா தம்பி, அடிக்கடி வர்றியே, மிஷின்ல இன்னா ரிப்பேரு?” என்று. இவன் கள்ளம் கபடம் இல்லாமல், “மிஷின்ல ஒண்ணுமில்லண்ணே. நான் வந்தா நல்லா ஓடுது. அந்தக்காதான் சும்மா சும்மா கூப்புடுறாங்க” என்று சொல்லிவிட்டான்.

ஒரு நிமிஷம் நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த வாக்கியத்தை ஒரு விதவை வீட்டு வாசலில் நின்றுகொண்டு சொன்னால் எப்படிக் கேட்கும் என்று யோசித்துப் பாருங்கள். இளைஞன் வந்தால் மிஷின் ஓடுகிறது. அவன் போனதும் நின்றுவிடுகிறது. உடனே போன் போகிறது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அந்தத் தெருவுக்கு உலையையே ஏற்றிக்கொடுத்துவிட்டு வந்தான் எங்கள் பையன்.

பேச்சு அவள் மச்சாண்டார், அதாவது புருஷனின் அண்ணன், கோதண்டத்தின் காதுக்குப் போனது. ஊருக்கு வெளியே மல்லாட்டை, அதுதான் நிலக்கடலை, உடைக்கிற மில் வைத்திருந்தவர். அவர் எங்கள் கடைக்கே நேரில் வந்து முதலாளியிடம், “உங்க பையன் இனிமே எங்க தெருவுல கால வைக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டுப் போனார். கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். குமார் கடைக்குப் பின்னால் போய் நின்று அழுதான். “நான் இன்னாக்கா தப்பா சொன்னேன்? உள்ளதத்தான சொன்னேன்?” என்றான். உள்ளதைத்தான் சொன்னான், பாவி. அவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டி என்ன ஆகப்போகிறது?

அடுத்த வாரம் வசந்தாவே கடைக்கு வந்தாள். அதுவரை நான் அவளைப் பார்த்ததில்லை. கத்திரி வெயிலில் பஸ் ஏறி வந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக என் மேஜைக்கு வந்தாள்.

“ஞாயித்துக்கெழம எங்க மாமா, அதான் இங்க வந்துட்டுப் போனாரே, அவரு வர்றாரு. என்ன இன்னா பண்றதுன்னு முடிவு பண்ணப் போறாங்க. மிஷினு நெஜமாவே நிக்குதுங்க. நான் பொய் சொல்லல. ஆம்பளைங்க யாரையும் அனுப்பாதீங்க மேடம், நீங்க வாங்க. நீங்க ஒரு தபா பாத்துட்டு, நிக்குதுன்னு ஒரு வார்த்த சொன்னா போதும்.”

முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “குடும்ப விவகாரம்மா, நமக்கு எதுக்கு பேஜாரு?” என்றார். நான் வெள்ளிக்கிழமைக்கு லீவு எழுதிக்கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

திண்டிவனத்தில் இறங்கி அவள் வீட்டுக்குப் போனபோது பதினோரு மணி வெயில். முன் அறையில் மிஷின். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. தெருப் பக்கம் ஒரு கதவும் ஜன்னலும், பின்னால் கொல்லைக் கதவு. நான் உள்ளே வந்ததும் தெருக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். டீக்கடையைப் பார்த்திருந்த ஜன்னலையும் சாத்தினாள். கொல்லைக் கதவு ஏற்கெனவே சாத்தித்தான் இருந்தது. மோர் கொண்டுவந்து கொடுத்தாள். மிஷினைப் போட்டு, டுட்டோரியலுக்கு அடிக்க வேண்டிய பாடத்தை அடிக்க ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்ன அழகாக அடித்தாள் தெரியுமா! தாளைப் பார்த்தபடியே விரல் ஓடும், ஒரு பிழை இருக்காது. நான் புழுக்கத்தில் நெளிந்துகொண்டிருந்தேன். மேலே சீலிங் ஃபேன் சுற்றியது. சுற்றி என்ன? கூரைக்குக் கீழே சேர்ந்திருந்த அனலை வாரி எங்கள் தலையில் கொட்டியது. ஜாக்கெட் முதுகோடு ஒட்டிக்கொண்டது. இந்தப் பெண் எப்படி இதில் நாள் முழுக்க உட்காருகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது அவள் விரல் நின்றது.

திரை உறைந்துவிட்டது.

“நின்னுடுச்சு” என்றேன்.

அவள் சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். “பாத்தீங்க இல்ல? உங்க கண்ணால பாத்தீங்க இல்ல? நான் வேற எதையும் தொடல, நீங்க பாத்தீங்க இல்ல?” அதையே திருப்பித் திருப்பிக் கேட்டு அழுதாள். ஒரு மிஷின் பழுதாவதைப் பார்த்து அத்தனை ஆறுதல் அடைந்த ஆளை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

பெட்டியைத் தொட்டேன். இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதித்தது. சரி, சூடு. இதில் என்ன அதிசயம்? குமார் வந்தபோதும் இதே கத்திரிதான், இதே கூரைதான். அப்போது மட்டும் ஏன் நிற்கவில்லை? அந்தக் கேள்வியை எனக்கு நானே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அப்புறம் அவளிடம் கேட்டேன்.

“எங்க கடைப் பையன் வந்தா நீங்க எங்க இருப்பீங்க?”

“கொல்லப்பக்கம் நின்னுக்கினு இருப்பேன்.”

“கதவு?”

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “தெருக்கதவு, ஜன்னலு, கொல்லக்கதவு எல்லாத்தையும் தெறந்து போட்டுடுவேன். ஆம்பள வந்திருக்கறப்ப யாராவது கதவ சாத்திக்கினு இருப்பாங்களா மேடம்?”

அடக் கடவுளே! தலையில் அடித்துக்கொண்டேன். ஆண் வந்தால் வீட்டில் எல்லாக் கதவும் திறக்கிறது. தெருவிலிருந்து கொல்லைக்குக் காற்று பிய்த்துக்கொண்டு போகிறது. மிஷின் ஓடாமல் என்ன செய்யும்? அவன் தெருமுனை தாண்டியதும் இவள் எல்லாவற்றையும் சாத்திக்கொள்கிறாள், தனியாக இருக்கிற பெண் என்பதால். அறை அடுப்பாகிறது. பெட்டியின் விசிறி சூட்டை வெளியே தள்ளுகிறது, தள்ளிய சூடு எங்கேயும் போக வழி இல்லாமல் அதே பெட்டிக்குள் திரும்ப நுழைகிறது. விசிறி குளிரவைக்காது பிள்ளைகளே, இருக்கிற காற்றை நகர்த்தும், அவ்வளவுதான். இருப்பதே அனல் என்றால் அனலைத்தான் நகர்த்தும். கடைசியில் மிஷினுக்கு என்ன கோளாறு என்றால், மானம். மானமாக இருக்கும்போதெல்லாம் அது நின்றது, அதனால் அவளுக்கு மானக்கேடு வந்தது. நான் பெண் என்பதால் நான் இருக்கும்போதே கதவைச் சாத்தினாள். அதனால்தான் எங்கள் கடையில் எனக்கு மட்டும் அந்தக் கோளாறு கண்ணில் பட்டது.

கதவுகளைத் திறந்து ஆறவிட்டேன், ஓடியது. சாத்தினேன், நின்றது. மூடியைக் கழற்றிவிட்டுச் சாத்திப் பார்த்தேன். கொஞ்சம் தாங்கியது, அப்புறம் அதுவும் நின்றது. அறையே பெட்டியாக இருக்கும்போது பெட்டியின் மூடியைக் கழற்றி என்ன பிரயோசனம்? ராத்திரியில் அடிக்கக் கூடாதா என்று கேட்டேன். “அடிச்சிப் பாத்தேன் மேடம். அந்த பிரிண்டரு சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேக்குது. விளக்கு எரியறதுக்கும் ஒரு பேச்சு” என்றாள். கொல்லைப்புறச் சுவரில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு ஓட்டை போட்டு எக்ஸாஸ்ட் விசிறி வைக்கலாம், எதிர்ச்சுவரில் அடியில் காற்று நுழைய துளை போட்ட ஒரு ஜாலிக் கல் வைக்கலாம், யாரும் உள்ளே பார்க்கவும் முடியாது, கதவைத் திறக்கவும் வேண்டாம் என்றேன். அவள் முகத்தில் அப்போதுதான் ஒரு தெளிவு வந்தது. “அப்ப இதுக்கு வழி இருக்குது” என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். கோதண்டம் வந்திருந்தார், கூட அவர் சம்சாரம் சரோஜா. கோதண்டம் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். தம்பி செத்த துக்கம் அவர் முகத்தில் அப்படியே இருந்தது. அந்தத் துக்கத்துக்கு மேல் இந்தப் பேச்சும் சேர்ந்து மனுஷன் நொந்துபோயிருந்தார்.

நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, “கதவ சாத்துனா மிஷினு நின்னுடுமா? இன்னாம்மா, கத சொல்றியா? அந்தப் பையனே ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டான்” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அவன் படித்த அதே படிப்பைத்தான் நானும் படித்தேன். அவன் சொன்னால் தீர்ப்பு, நான் சொன்னால் கதை. “சொன்னா நம்ப வேணாங்க. கதவ சாத்திக்கினு இப்பவே உக்காருவோம். நிக்கலன்னா என்ன இன்னா வேணா சொல்லுங்க” என்றேன்.

அதற்கும் ஒரு முட்டுக்கட்டை. மச்சாண்டார் இருக்கிற அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வசந்தா எப்படி உட்காருவாள்? அவளே எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள். அவளைப் பற்றிய தீர்ப்புக்கு அவள் வெளியே நிற்க வேண்டியதாயிற்று. உள்ளே நான், கோதண்டம், சரோஜா. நான் ஒரு நீளமான ஃபைலை அச்சுக்குப் போட்டுவிட்டு, தெருக்கதவையும் ஜன்னலையும் சாத்தினேன்.

பிரிண்டர் கரகரவென்று ஓடிக்கொண்டே இருந்தது. சரோஜா முந்தானையால் விசிறிக்கொண்டாள். கோதண்டம் சட்டைப் பொத்தானைக் கழற்றினார், துண்டால் கழுத்தைத் துடைத்தார், மறுபடி துடைத்தார். மிஷின் நிற்கவில்லை. முந்தாநாள் கணக்குப்படி இதற்குள் இரண்டு தடவை நின்றிருக்க வேண்டும்.

“ஓடுதேம்மா” என்றார் கோதண்டம்.

“இருங்க.”

“இன்னும் எம்மா நேரம்?”

அப்போதுதான் பார்த்தேன். பிரிண்டரிலிருந்து இறங்கிய தாளின் நுனி லேசாக ஆடிக்கொண்டிருந்தது. காற்று! திரும்பிப் பார்த்தேன். கொல்லைக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. அந்த இடுக்கில் வசந்தாவின் முகம். உள்ளே பேசுவதைக் கேட்கவேண்டும் என்று சாத்தாமல் நின்றிருக்கிறாள். வேறென்ன செய்வாள்? கொல்லையில் ஒரு மரமில்லை, நிழலில்லை. உச்சி வெயிலில் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தாள்.

இப்படிப்பட்ட இடத்தில்தான் நமக்குத் தொழில் தெரியுமா என்று தெரியும். பாவம் பார்த்து விட்டுவிட்டால் மிஷின் ஓடிக்கொண்டே இருக்கும், அவள் பொய்க்காரி ஆகிவிடுவாள். நான் எழுந்துபோய் அவள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். அவள் புரிந்துகொண்டாள் என்றுதான் நினைக்கிறேன், ஆனாலும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

பிரிண்டர் ஒரு வரியின் பாதியில் நின்றது. திரை உறைந்தது.

“தொட்டுப் பாருங்க” என்றேன் கோதண்டத்திடம்.

பெட்டியின் மேல் கை வைத்தவர் வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். அந்த மனிதர் அதற்கு மேல் ஒரு சாட்சியும் கேட்கவில்லை. தானே எழுந்து எல்லாக் கதவையும் திறந்தார். கொல்லைப் பக்கம் பார்த்து, “அம்மாடி, உள்ள வாம்மா. உம் மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் ஊரு பேச்ச கேட்டுட்டேன்” என்றார். சரோஜா அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். நான் ஒரு சொம்பு தண்ணீரை அப்படியே குடித்துவிட்டு, ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். என்ன மடத்தனம்!

எல்லோரும் முகம் கழுவி உட்கார்ந்த பிறகு எக்ஸாஸ்ட் விசிறி விஷயத்தை எடுத்தேன். கோதண்டம் தலையை ஆட்டினார்.

“செவுத்த இடிக்கறதா? தம்பி போயி வருஷம் திரும்பலம்மா. துக்க வூட்டுல வருஷ தெவசம் முடியாம கொத்தனார விடக்கூடாது. அது எங்க வழக்கம்.”

“அப்ப கதவத் தெறந்து வெச்சிக்கினு வேல செய்யட்டும்.”

“தனியா இருக்கற பொண்ணு, எதுத்தாப்புல டீக்கட. நீயே சொல்லும்மா, நடக்கிற காரியமா?”

“வருஷம் திரும்பற வரைக்கும் மிஷின் இப்படியே நின்னு நின்னு போனா, டுட்டோரியல்காரங்க வேற ஆளப் பாத்துக்குவாங்க.”

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், வஞ்சகம் இல்லை. அப்புறம், “நம்ம மில்லு ஆபீஸு நல்லா காத்தோட்டமா இருக்கும். மிஷின அங்க வெச்சுக்கலாம். எங்க மூத்த பையன் சும்மாத்தான் சுத்திக்கினு இருக்கான், அவன் கத்துக்கட்டும். மில்லுக் கணக்கும் ஆச்சு. அந்த டுட்டோரியல் வேலையையும் அவனே பாத்துக்குவான். ஆம்பளைங்க எடத்துல வசந்தா வந்து ஒக்காரத் தேவல்ல. அவளுக்கு வேண்டியத நாங்க பாத்துக்கறோம்” என்றார்.

“அது அவங்க மிஷின்! அவங்க வேல!” என்று கத்தியேவிட்டேன்.

“நான் இல்லன்னா சொன்னேன்? நீதானம்மா இப்ப செஞ்சி காட்டுன. இந்த வூட்டுல வெச்சா இது நிக்கும்னு. மிஷின் மேலயும் தப்பு இல்ல, பொண்ணு மேலயும் தப்பு இல்ல, வூடு சரியில்ல. அப்ப மிஷினத்தான எடம் மாத்தணும்?”

பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்தது என்பார்களே, என் கையாலேயே பிடித்து உட்காரவைத்திருந்தேன். அவளைக் காப்பாற்ற நான் காட்டிய சாட்சியையே எடுத்து அவள் பிழைப்பைப் பிடுங்கிக்கொண்டார், அதுவும் நல்ல மனசோடு. வசந்தாவைப் பார்த்தேன். சண்டை போடு, ஒரு வார்த்தை சொல், நான் கூட நிற்கிறேன் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவளுக்கு யார் இருக்கிறார்கள்? சண்டை போட்டுவிட்டு அந்தத் தெருவில் எந்தக் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பாள்?

கோதண்டம் போய் மாட்டு வண்டி கூட்டிவந்தார். ஆட்கள் பெட்டியில் கை வைத்தபோது வசந்தா, “இருங்க, தூக்காதீங்க” என்றாள். உட்கார்ந்து, மிஷினைப் போட்டு, ஹார்ட் டிஸ்க்கைப் படிக்கிற தலையை ஓரமாக நிறுத்திவைக்கிற கட்டளையை அடித்தாள். அந்தக் காலத்தில் அதைச் செய்யாமல் தூக்கினால், வண்டி ஆடுகிற ஆட்டத்தில் டிஸ்க் கீறிப்போகும். அணைத்துவிட்டு வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுருட்டிக் கொடுத்தாள். “எங்கியாவது பள்ளத்துல எறக்கிடாதீங்க, மெதுவா ஓட்டச் சொல்லுங்க மாமா” என்று மட்டும் சொன்னாள்.

மழைக்காலம் வருவதற்கு முன்னால் மில்லிலிருந்து எங்கள் கடைக்கு ஆள் வந்தது. கம்ப்யூட்டர் ஓடவில்லை. “அந்த மில்லுக்கு நான் போறேன்” என்றேன். முதலாளி தடுக்கவில்லை. போய் மூடியைத் திறந்தால், உள்ளே போர்டு என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. மல்லாட்டைத் தோல் தூசி மெத்தை மாதிரி படிந்திருந்தது. விசிறி அதில் சிக்கி எப்போதோ நின்றிருந்தது. பவர் சப்ளை கருகி, கூடவே போர்டும் போய், ஹார்ட் டிஸ்க் கிறீச்சென்று ஒரு சத்தம் போட்டு அடங்கியது. காத்தோட்டம் என்றாரே, காற்று வந்தது, கூடவே மில்லும் வந்தது.

மூத்த பையன் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். டுட்டோரியல் வேலை முதல் மாதத்திலேயே போய்விட்டதாம். கோதண்டம் அலுத்துக்கொண்டார். “இன்னாத்த சொல்றது? ராசியில்லாத மிஷினு. அசெம்பிள் பண்ணதுதான, அப்படித்தான் இருக்கும். இவன் இன்னா பண்ணுவான், புள்ள பாவம்.”

“அத ஓட்டத் தெரிஞ்சவங்க அவங்கதான். அவங்கள கூப்புட்டு வெச்சிருக்கலாம் இல்ல?” என்றேன்.

“வசந்தாவா? அவங்க அண்ணன் வந்து கூட்டிக்கினு பூட்டாரும்மா. திருவெண்ணெய்நல்லூரு பக்கம்.”

இவ்வளவையும் உங்களிடம் சொல்வதற்குக் காரணம் சூடு இல்லை. சூட்டைப் பற்றி உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நீங்கள் ஒரு வீட்டுக்கோ ஆபீஸுக்கோ போய், ஓட்டிப் பார்த்துவிட்டு, ‘நோ ஃபால்ட்’ என்று சொல்லிவிட்டு வருகிறீர்களே, அதற்காகச் சொல்கிறேன். மிஷினில் ஒன்றுமில்லை என்று நீங்கள் சொன்ன அந்த நிமிஷமே, அங்கே இருக்கிற யாரோ ஒருவர் மேல் பழி போய் உட்காருகிறது. தெரியவில்லை என்றால் ‘எனக்கு இன்னும் தெரியல, மறுபடி பாக்கணும்’ என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்வதால் உங்கள் தலையில் இருக்கிற கிரீடம் இறங்கிவிடாது. நீங்கள் வருவதற்கு முன்னால் அந்த அறை எப்படி இருந்தது, நீங்கள் போன பிறகு எப்படி இருக்கும் என்று கேளுங்கள்.

அதற்குப் பிறகு வசந்தாவை ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன், விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில். இடுப்பில் அண்ணன் குழந்தை, கையில் கேப்பை மாவுப் பை. கொஞ்சம் கறுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். டைப்பிங் எங்கேயாவது கிடைத்ததா என்று கேட்டேன். “அங்க ஏது மேடம்? கழனி வேலைக்கே நேரம் சரியா பூடுது” என்றாள். சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தேன், ஆனால் நான் அடக்கி வைக்கிற ஆளா? மில்லில் மிஷின் அடியோடு போய்விட்டது என்று சொல்லிவிட்டேன்.

புருஷன் கையால் கட்டிய மிஷின், அழுவாள் என்று பயந்தேன். அவள் குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, “யாரு மேல தப்புன்னு சொன்னாங்க?” என்று கேட்டாள்.

“யார் மேலயும் இல்ல. மிஷின் மேலதான்.”

“அப்படியா? எங்கிட்ட நின்னப்ப எம் மேல சொன்னாங்க” என்றாள். திருவெண்ணெய்நல்லூர் பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.